எல்லையோரம் ஒரு கால்வாய்



தகராறில் இருக்கும் ஓர் எல்லையை ஒட்டி மாபெரும் கால்வாய் ஒன்றை வெட்டினால் என்ன ஆகும் என்பது இன்றைய கருத்தரங்கின் பொருள். இதைப் பேச நாம் கூடியிருக்கும் சிலமலையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மேற்கே நிற்கும் மலையின் உச்சிதான் தமிழகமும் கேரளமும் பிரியும் இடம். அந்த மலையின் அடிவாரத்தையொட்டி லோயர்கேம்பிலிருந்து போடிப் பக்கம் வரை வருகிறது பதினெட்டாம் கால்வாய். எல்லைக்கு இணையாக ஓடும் கால்வாய் ஒன்று நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. கற்பனைக்கு அளவுகோலாக அதையே வைத்துக்கொள்ளலாம்.

உலகத்தில் இந்த யோசனையை அண்மையில் பெரிதாகப் பேசவைத்த நாடு சவூதி அரேபியா. கத்தாரோடு உறவை முறித்துக்கொண்ட மறுவருடம், 2018 ஏப்ரலில், சல்வா கால்வாய்த் திட்டம் அந்நாட்டுப் பத்திரிகைகளில் வந்தது. சுமார் 60 கிலோமீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், 15 முதல் 20 மீட்டர் ஆழம். தீபகற்பமாக இருக்கும் கத்தார் அதோடு தீவாகிவிடும். அண்டை நாட்டை நிலத்திலிருந்தே வெட்டி எறிந்துவிடலாம் என்ற கோபத்தின் வரைபடம் அது. 2021 ஜனவரியில் அல் உலாவில் இரு தரப்பும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள், சல்வா எல்லைச் சாவடி திறந்தது, லாரிகள் ஓடின. கால்வாய் வெட்டப்படவே இல்லை.

வெட்டப்பட்ட கால்வாய் ஒன்று உண்டு. பிரிவினைக்குப் பின் 1948 ஏப்ரலில் கிழக்குப் பஞ்சாபிலிருந்து பாகிஸ்தானுக்குப் போய்க்கொண்டிருந்த வாய்க்கால் தண்ணீர் அடைக்கப்பட்டது. பாகிஸ்தான் லாகூருக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி ஒரு கால்வாயை வெட்டியது. நம் பக்கத்தில் அதற்கு இச்சோகில் என்று பெயர். பாசனத்துக்குப் பாசனம், அகழிக்கு அகழி. 1965 செப்டம்பர் போரில் அதன் கரையிலும் டோக்ரை கிராமத்திலும் இரு தரப்பிலும் ஏராளமானோர் மாண்டார்கள். அடுத்த ஜனவரியில் தாஷ்கண்டில் உடன்பாடு வந்ததும் படைகள் பழைய இடத்துக்கே திரும்பின. அகழியாக அது எதையும் தீர்க்கவில்லை. கால்வாயாக மட்டும் இன்றும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையும் நம்மோடு சேர்ந்தன. அந்த மனக்குறை இந்தப் பள்ளத்தாக்கில் ஆறவே இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைக்காக ஆயிரமாயிரம் பேர் குமுளியை நோக்கி நடந்தார்கள். 2022 நவம்பரில் கேரளம் டிஜிட்டல் மறுஅளவையைத் தொடங்கியதும் எல்லைக் கல் எங்கே என்ற கேள்வி மறுபடி எழுந்தது. இப்படிப்பட்ட நேரத்தில்தான், 'ஒரேயடியாகப் பெரிய கால்வாயாக வெட்டிவிட்டால் தொல்லை விட்டது' என்று டீக்கடையில் ஒருவர் சொல்வார், நாலு பேர் தலையாட்டுவார்கள். அந்தப் பேச்சை நான் அலட்சியப்படுத்தவில்லை. அதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நம் எல்லைக் கோட்டின் மேலேயே கால்வாய் நிற்காது. குமுளி சுமார் 900 மீட்டர் உயரம். போடிமெட்டு 1,300-க்கும் மேல். கொழுக்குமலை 2,000-ஐயும் தாண்டியது. கால்வாய்க்கு வேண்டியது சீரான வாட்டம். மலைமுகட்டில் அது கிடையாது. தவிர, முகடு என்பதே தண்ணீரைப் பிரிக்கும் இடம். மேற்கே விழுந்த மழை அரபிக் கடலுக்கும் கிழக்கே விழுந்தது வைகைக்கும் போக வேண்டும் என்று இயற்கை போட்ட வரப்பு அது. ஆகவே கால்வாய் மலையடிவாரத்துக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். அடிவாரத்துக்கு வந்துவிட்டால் அது எல்லையாக இருப்பதை விட்டுவிட்டுப் பாசனமாகிவிடுகிறது.

இங்கேதான் நம் பொறியாளர்களும் கண்மாய்க்காரர்களும் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. அடிவாரக் கால்வாய் ஒவ்வொன்றும் மலையிலிருந்து இறங்கும் எல்லா ஓடைகளுக்கும் குறுக்கே போகிறது. ஓடையை அடைக்க முடியாது. அடைத்தால் ஐப்பசி மழையில் அது கால்வாயையே சுருட்டிக்கொண்டு போகும். அதனால் ஓடைக்கு மேலே தொட்டிப்பாலம் கட்டிக் கால்வாயைத் தாண்டவைக்கிறோம். தேவாரம் பக்கம் போகும்போது ஒரு தொட்டிப்பாலத்தின் அடியில் இறங்கி நின்று பாருங்கள். தலைக்கு மேலே சிமெண்டுத் தொட்டியில் பெரியாற்றுத் தண்ணீர் சத்தமில்லாமல் வடக்கே போகும். காலடியில், உருண்டைப் பாறைகளுக்கு நடுவே, மேல்மலையிலிருந்து வந்த ஓடை கிழக்கே போகும். தூண்களில் போன வெள்ளம் செருகிவிட்டுப் போன மூங்கில் தூர்களும் வேர்க்கட்டைகளும் இருக்கும். அவற்றை எடுக்காமல் விட்டால் அடுத்த வெள்ளத்தில் கரை உடையும். உடைப்பும் நமக்குப் புதிதல்ல. குறுக்கே வருவதற்கெல்லாம் வழி விட்டால்தான் கால்வாய் உயிரோடு இருக்கும். பிரிப்பதற்கென்று வெட்டிய கால்வாய்க்கும் இதே விதிதான். மேலே இருப்பவர் காட்டை அழித்தால் கீழே மண் மூடும். மேலே இருப்பவரோடு பேசாமல் அதை ஒரு வருடம்கூட ஓட்ட முடியாது.

பதினெட்டாம் கால்வாயின் தண்ணீரே இதற்குச் சாட்சி. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பலாம் என்று 1789-இல் ராமநாதபுரம் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். 1808-இல் கேப்டன் கால்டுவெல் அதை வெறும் பகற்கனவென்று ஒதுக்கினார். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூரும் சென்னை அரசும் 999 ஆண்டுக் குத்தகையில் கையெழுத்திட்டன. ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகை. 1895-இல் பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியே தண்ணீர் வந்தது. அந்தக் குத்தகை நியாயமா என்று கேரள நண்பர்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம். நமக்கு அது உயிர். 2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் அணையின் நீர்மட்டம் 142 அடி என்பதை உறுதிசெய்தபோது இந்தப் பள்ளத்தாக்கே கொண்டாடியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: நமக்குச் சோறு போட்ட கற்பனை, எல்லையைத் துளைத்துக்கொண்டு வந்தது.

மறுபக்கமும் உண்டு. நெய்யாறு இடதுகரைக் கால்வாய் 1956-க்கு முன் திட்டமிட்டது. எல்லை அதன் மேல் விழுந்தது. 2004 முதல் விளவங்கோட்டுக்குத் தண்ணீர் நின்றது. அங்கே கால்வாய் இருக்கிறது, கரை இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை.

மனிதர்களையும் பார்க்க வேண்டும். விடிவதற்கு முன் இந்த ஊரிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் கிளம்பிப் போடிமெட்டு ஏறுகின்றன. தூக்குச்சட்டியும் மழைக்குப் போர்த்திக்கொள்ளப் பாலித்தீன் சீட்டுமாக, நெருக்கியடித்து உட்கார்ந்து, பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள் நம் பெண்கள். அவர்கள் எடுத்த காய்தான் போடியிலும் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டு மின்னணு ஏலத்துக்கு வருகிறது. 2011-இல் அந்த ஜீப்புகள் நின்றபோது அடுப்பு அணைந்தது இந்தப் பக்கம். காய் செடியிலேயே பழுத்து விழுந்தது அந்தப் பக்கம். எல்லையில் கால்வாய் கேட்பவர் முதலில் இந்தப் பெண்களிடம் போய்க் கேட்கட்டும்.

எல்லைத் தகராறு கற்பனை என்று நான் சொல்லவில்லை. கல் எங்கே நட வேண்டும் என்பதை இரு மாநில வருவாய்த் துறையும் சேர்ந்து நடந்து, சேர்ந்து அளந்து தீர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் சங்கிலியை ஏற்க முடியாது. ஆனால் பிரம்மாண்டமாகக் கனவு காணத்தான் வேண்டும் என்றால், பதினெட்டாம் கால்வாயின் கடைமடைக் கண்மாய்க்கு ஆண்டு தவறாமல் தண்ணீர் வருவதைக் கனவு காணுங்கள். 4,600 ஏக்கருக்குச் சற்று மேலான நிலம் அதை நம்பி இருக்கிறது. அணையில் போதிய நீர் இருந்தால் திறப்பு, இல்லாவிட்டால் மானாவாரி என்பதே இன்றைய நிலை.

கட்டுரை வாசிக்க வந்திருப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிடாதீர்கள். சர்வே எண்ணோடு ஓடைகளின் பெயர்களையும் பதியுங்கள். எந்த ஓடை எந்த மேட்டில் பிறக்கிறது, மேலே யார் தோட்டம், எந்த ஆண்டு எங்கே உடைப்பு என்று பாசனத்தாரிடம் கேட்டு எழுதுங்கள். பிற்பகல் கால்வாய்க் கரையில் நடக்கும்போது அவர்கள் உடன் வருவார்கள்.

கருத்தரங்கம் தொடங்குகிறது. முதல் கட்டுரை பதினெட்டாம் கால்வாயின் தொட்டிப்பாலங்களைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.