கத்திரி வெயிலில் ஒரகடம்

கத்திரி நாளில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களுக்காக இன்று பேசுகிறேன்.

கடற்கரை ஓரத்தில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வந்து வெயிலைத் தணித்துவிடும். ஒரகடம் கடலிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உள்ளே. காற்று வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சில நாள் வராமலே போகும். இங்குள்ள கார், லாரி, மோட்டார் சைக்கிள் ஆலைகளின் கூரைகளும் அகன்ற தார்ச்சாலையும் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கின்றன. அதனால் இங்கே பார்க்க வேண்டியதை முற்பகலுக்குள் பார்த்து முடிப்பதுதான் புத்தி.

முதலில் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில். 1017-இல் ராமானுஜர் அவதரித்த தலம். சித்திரைத் திருவாதிரை அவருடைய திருநட்சத்திரம் என்பதால் பெரிய உற்சவமும் இந்த வெயிலில்தான் வருகிறது. விடிந்ததும் போய்விடுங்கள். அப்போது பிராகாரத்துக் கல் குளுகுளுவென்று இருக்கும், நிதானமாக வலம் வரலாம். வெயில் ஏறிவிட்டால் அதே கல்லில் குழந்தைகளால் கால் வைக்க முடியாது. தேங்காய் நார் விரிப்பு போட்டிருந்தால் அதை விட்டு இறங்காதீர்கள். அங்கிருந்து நேரே ராஜீவ் காந்தி நினைவிடம். 1991 மே 21 இரவு அவர் கொல்லப்பட்ட இடம் அது. திறந்த வெளி, ஆகவே குடை அவசியம்.

அடுத்து வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகனை உச்சிவேளைக்கு நடை சாத்துமுன் தரிசித்துவிட்டு, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எங்காவது நிழலில் உட்கார்ந்துவிடுங்கள்.

வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. வழியில் நுங்கும் இளநீரும் கிடைத்தால் விடாதீர்கள். நனைத்த பருத்தித் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டால், ஈரம் காயக் காய உடம்புச் சூடு இறங்கும்.

நாம் நிழல் தேடி ஒதுங்கலாம். ஆலையில் ஷிப்டு முடிந்து சாலையோரம் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. அப்படியானால் ஆலைச் சாலைகளில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கூரை, ஒரு தண்ணீர்ப் பானை, நாலு புங்க மரம் வேண்டும். இதைக் கேட்பது நம் எல்லாருடைய கடமை.

கூட வந்தவர் உடம்பு அனலாய்க் கொதித்து, பேச்சுக் குழறினால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்ற வேண்டாம்.