முதலில் சோதனை, பிறகு பத்தியம்

(காஞ்சிபுரத்தில் கூடிய ஆதரவாளர் குடும்பங்களுக்கு மருத்துவமனை ஊழியர்கள் சார்பில் அளித்த உரை)



 இந்தக் கூடுகையில் எத்தனை பிரசவம், எத்தனை அறுவைச் சிகிச்சை என்று கணக்குச் சொல்வது எங்கள் வழக்கம். இம்முறை கணக்கை அறிக்கையில் வைத்துவிட்டோம். இரண்டு நோயாளிகளைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறோம். ஒருவர் சோதனை செய்யாமலே கோதுமையை நிறுத்தியவர். மற்றவர் கோதுமையை நிறுத்தியிருக்க வேண்டியவர். அவரைச் சோதிக்காமல் விட்டது நாங்கள்.

முதலாமவர் பட்டுத் தறியில் வேலை செய்யும் ஒரு தாய். வயது 38. பல மாதமாக வயிற்றுப்போக்கும் உப்புசமும் இருந்தன. உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவர், "உனக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை, அதை விட்டுவிடு" என்று சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் ராத்திரிச் சப்பாத்தி, கடைப் பரோட்டா, டீயோடு தின்னும் பன் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டார். முதல் சில வாரம் வயிறு லேசாக இருந்ததாம். ஐந்து மாதம் கழித்து, தறியில் உட்காரவும் பலமில்லாமல் எங்களிடம் வந்தார். "கோதுமையை விட்டதிலிருந்து பரவாயில்லம்மா, சாயங்காலம் வர்ற இந்தக் காய்ச்சல்தான் புதுசு" என்றார்.

இரத்தப் பரிசோதனையில் கோதுமை நோய்க்கான அடையாளம் இல்லை. ஆனால் ஐந்து மாதம் கோதுமையே தொடாதவரின் இரத்தம் "இல்லை" என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கே குழாய்க் கருவியால் குடலைப் பார்த்து, சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். அது குடல் காசநோய். அரசின் காசநோய்த் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரைகளை ஆறு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். இப்போது தறிக்குத் திரும்பிவிட்டார், சப்பாத்தியும் சாப்பிடுகிறார். அந்த ஐந்து மாதத்தில் குடல் அடைத்திருந்தால் அவரை இழந்திருப்போம்.

அவருடைய கணவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை. "தறியில் இழை அறுந்தா, எந்த இழைன்னு தேடிப் பார்த்துத்தான் முடிச்சுப் போடுவோம். உடம்பு விஷயத்தில் நாங்க தேடாமலே வெட்டிட்டோம்" என்றார்.

அந்தக் கோதுமை நோய் என்ன என்று கேட்பீர்கள். அதன் பெயர் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை இழுத்தால் ரப்பர் போல் நீள்வது அதனால்தான். சிலருடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி இந்தப் புரதத்தின் காரணமாகத் தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்புறத்தில் பட்டுக் குஞ்சம் போல நெருக்கமாக நிற்கும் உறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப்போகின்றன. எவ்வளவு சாப்பிட்டாலும் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் சரியாக உடம்பில் சேராது. வயிற்றுப்போக்கு சிலருக்கு இருக்கும். சிலருக்கு இரத்தசோகை மட்டுமே இருக்கும். பிள்ளைகளுக்கு வளர்த்தி நின்றுவிடும்.

1888இல் லண்டன் குழந்தை மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். உணவில்தான் தீர்வு என்றும் எழுதினார். எந்த உணவு என்பது அவருக்குத் தெரியவில்லை. அதைக் கண்டவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. போருக்கு முன்பே அவருக்குக் கோதுமைமேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாடியபோது இந்நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நோயில் விழுந்தார்கள். 1950இல் டிக்கே தம் ஆய்வேட்டில் இதை நிலைநாட்டினார். அன்றுமுதல் இன்றுவரை இந்நோய்க்கு நிச்சயமான சிகிச்சை ஒன்றுதான்: ஆயுள் முழுவதும் குளூட்டன் இல்லாத உணவு.

நம் நாட்டு நிலவரம் என்ன? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கில் 1000 பேரில் எட்டுப் பேருக்கும் மேல் இந்நோய் இருந்தது. தெற்கில் 10,000 பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே இருந்தது. இந்நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரு பகுதியிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு உண்டு. வித்தியாசம் தட்டில் இருக்கிறது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார். தெற்கில் 25 கிராம்தான்.

இதில் இரண்டு பாடம் உண்டு. நம் பக்கத்தில் நாள்பட்ட வயிற்றுப்போக்கு என்றால் அது பெரும்பாலும் வேறு நோயாகவே இருக்கும். 1960களில் வட ஆற்காடு கிராமங்களில் வயிற்றுப்போக்கும் மெலிவும் கொள்ளைநோய் போலப் பரவியபோது, வேலூர் மருத்துவர்கள் பேக்கரும் மாத்தனும் அதை ஆராய்ந்தார்கள். அது ஸ்ப்ரூ என்னும் வேறொரு குடல் நோய். அதற்கு வேண்டியது டெட்ராசைக்ளின் மருந்தும் ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும், கோதுமையை நிறுத்துவதல்ல. இது முதல் பாடம். நம் வீடுகளில் கோதுமை பெருகி வருகிறது என்பது இரண்டாவது. சர்க்கரை நோய் வந்தால் ராத்திரிக்குச் சப்பாத்தி என்பது இன்று வழக்கமாகிவிட்டது. மரபணு நம்மிடமும் இருக்கிறபடியால், "இந்த நோய் நமக்கு வராது" என்று இனிச் சொல்ல முடியாது.

அப்படிச் சொல்லித்தான் நாங்கள் தவறினோம். இரண்டாவது நோயாளி நம் சபைக் குடும்பம் ஒன்றின் மகள். வயது 14, பார்த்தால் 10 என்றுதான் சொல்வீர்கள். வெளுத்த முகம், மெலிந்த கை கால். இரண்டு முறை வந்தபோதும் பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்து அனுப்பினோம். இரத்தம் ஏறவில்லை. மூன்றாம் முறை ஒரு இளம் மருத்துவர், "இரும்பு கொடுத்தும் ஏறவில்லை என்றால் குடல் உறிஞ்சவில்லை என்று அர்த்தம் அல்லவா?" என்று கேட்டார். அதற்குப் பிறகே சோதித்தோம். அவளுக்கு இருந்தது சீலியாக் நோய். ஓர் ஆண்டு தாமதம் எங்களால் வந்தது. அதை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறோம்.

சோதனையின் ஒழுங்கு இதுதான். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். இந்நோயில் எதிர்ப்புச் சக்தி குறிவைக்கும் பொருள் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்று 1997இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்; அதற்கு எதிரான எதிர்ப்புப் புரதங்களை இரத்தத்தில் தேடுகிறோம். கூடவே ஐஜிஏ மொத்த அளவையும் பார்க்க வேண்டும்; அது இயல்பிலேயே குறைவானவர்களுக்கு நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அடையாளம் தெரிந்தால் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலின் தொடக்கத்தில் துணுக்குகள் எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். கோதுமையை முன்பே நிறுத்திவிட்டால் இரத்தத்தின் அடையாளம் மறையும், குடலும் ஆறிவிடும். நோய் உண்டா இல்லையா என்று சொல்லவே முடியாது. அப்படி நிறுத்தியவர்கள் மருத்துவர் சொற்படி மறுபடி கோதுமை சாப்பிட்டுத்தான் சோதிக்க வேண்டிவரும். பிரிட்டனின் வழிகாட்டுதல், குறைந்தது ஆறு வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல் சாப்பிட வேண்டும் என்கிறது. நோய் உறுதியானால் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் சோதிப்பது நல்லது.

இனிப் பத்தியம். நம் ஊரில் இது சுலபம் என்று அந்தத் தாய்க்குத் தைரியம் சொன்னோம். சோறு, இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகுக் கூழ், கம்பு, சோளம், தினை, சாமை, வரகு ஒன்றிலும் குளூட்டன் இல்லை. ரவை, மைதா, சேமியா, பிஸ்கட், ரஸ்க், பார்லி மால்ட் கலந்த சத்துப் பானம் கூடாது என்று எழுதிக் கொடுத்தோம். அம்மாள் அப்படியே நடந்தார். மூன்று மாதம் கழித்தும் பிள்ளைக்கு வயிறு சரியாகவில்லை.

எங்கள் செவிலியர் ஒருவர் அவர்கள் வீட்டுக்கே போய் ஒரு நாள் சமையலைப் பார்த்தார். அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் பெருங்காய டப்பா. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்த்திருப்பார்கள். சாம்பாரிலும் ரசத்திலும் தினமும் அது விழுந்துகொண்டிருந்தது. மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் போட்டு, மந்தாரை இலையில் வேகவைக்கும் நம் காஞ்சிபுரம் இட்லியைக்கூட இவள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். இன்னொன்று மாவு மில். சப்பாத்திக்குக் கோதுமை அரைத்த கையோடு அதே மிஷினில் இவர்கள் அரிசியும் கேழ்வரகும் அரைக்கப்படுகிறது. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாதது என்று விற்க நம் நாட்டுச் சட்டம் இடம் தராது. மில்லில் ஒட்டியிருக்கும் மாவே அந்த அளவைத் தாண்டிவிடும். இப்போது அந்த அம்மாள் வீட்டிலேயே அரைக்கிறார். அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தைச் சீட்டைப் படித்து வாங்குகிறார். மகளுக்குத் தனித் தோசைக்கல், தனிச் சல்லடை. ஆறு மாதத்தில் இரத்தம் ஏறியது. பள்ளிச் சீருடையை இரண்டு முறை பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

அவளுடைய திடப்படுத்தலுக்கு முன் ஒரு கேள்வி எழுந்தது. திருவிருந்து அப்பம் கோதுமையில் செய்ததாயிற்றே? "நான் மட்டும் பந்திக்கு வராமல் இருக்கவா?" என்று பிள்ளை கேட்டாளாம். 2017இல் ரோமாபுரி அனுப்பிய கடிதத்தின்படி, கத்தோலிக்க சபையில் குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் செல்லும். அறவே இல்லாதது செல்லாது. இந்தப் பிள்ளையின் ஆயர் குடும்பத்தோடு கலந்து பேசி, அரிசி மாவில் செய்த சிறு அப்பத்தைத் தனித் தட்டில் மூடி வைத்தார். மற்ற அப்பத்தைத் தொடுமுன் அதை எடுத்து அவளுக்குக் கொடுத்தார். அவளும் மற்றப் பிள்ளைகளோடு அதே வரிசையில் முழங்காற்படியிட்டாள்.

அன்பானவர்களே, நீங்கள் செய்யக்கூடியது உண்டு. ஒருவர் வயிறு சரியில்லை என்று சொன்னால், "கோதுமையை விட்டுப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். "சாப்பிடுவதை மாற்றாமல் போய்ச் சோதித்து வாருங்கள்" என்று சொல்லுங்கள். சோதித்து நோய் உறுதியான பிள்ளை உங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால், "ஒரு வாய் கேசரி என்ன செய்துவிடும்?" என்று வற்புறுத்தாதீர்கள். அந்த ஒரு வாயே அவள் குடலுக்குத் தீங்கு. இலையில் அவளுக்கென்று வெறும் சோறும் தயிரும் ஒரு வாழைப்பழமும் இருந்தால் போதும்.

அந்தத் தாயின் குழாய்ப் பரிசோதனைக்கும் இந்தப் பிள்ளையின் துணுக்குப் பரிசோதனைக்கும் ஆன செலவு உங்கள் காணிக்கையிலிருந்து போயிற்று. வெளியே தெரியாத செலவு அது. ஆனால் ஒருவருக்குக் காசநோய் மருந்தும் மற்றவருக்குச் சரியான பத்தியமும் கிடைத்தது அந்தச் செலவினால்தான்.