ஔடத தானமும் அபய தானமும்



மூட்டுவாதத்தின் வீக்கத்தையும் நோவையும் தணிக்கும் மருந்து டைக்ளோஃபினாக். மாந்தருக்குப் பயன்பட்ட அம்மருந்து, நோயுற்ற மாடுகளுக்கும் ஊசியாக ஏற்றப்பட்டது. நோவு தீர்க்கும் நற்செயலே அது. ஆயினும், மருந்தேறி இறந்த மாட்டின் ஊனை உண்ட பாறு கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்று, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெண்மையாகப் படிந்து, சில நாள்களில் மாண்டன. இவ்வுண்மை 2004இல் வெளிப்பட்டது. 1992 முதல் 2007 வரை இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளுள் 99 விழுக்காட்டிற்கு மேல் அழிந்தன.

நடுவண் அரசு 2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. மாந்தருக்கான பெருங்குப்பிகள் தொழுவங்களுக்குச் சென்றமையால், 2015இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. 2023இல் கால்நடைகளுக்கான கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும் விலக்கப்பட்டன. மெலாக்சிகாம் மாட்டின் நோவையும் தணிக்கும். பாறுகளுக்கும் தீங்கு செய்யாது.

செங்கல்பட்டுக்கு அண்மையிலுள்ள திருக்கழுக்குன்றத்தில் நாள்தோறும் உணவுண்ண வந்த கழுகுகள் இன்று வருவதில்லை. காரணம் எதுவாயினும், வெறுமையான அக்குன்று ஓர் எச்சரிக்கையே. தமிழகத்தில் எஞ்சிய பாறுகளுக்கு மாயாற்றுப் பள்ளத்தாக்கே பெரும்புகலிடம்.

ஆதலின், மாடு வளர்ப்போரும் கோசாலை புரப்போரும் வீட்டில் எஞ்சிய வலிமருந்தை மாட்டிற்குச் செலுத்தற்க. மெலாக்சிகாம் பொருந்துமா எனக் கால்நடை மருத்துவரைக் கேட்க. அறிந்து ஈயப்படும் ஔடத தானமே அபய தானமும் ஆகும்.