பணிமூப்பில் சாதி எங்கே இருக்கிறது?



முனைவர் பட்ட ஆய்வாளனாக ஒரே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். நம் கல்லூரிகளின் ஆளுகைக் குழுவில் ஆசிரியர் பிரதிநிதி என்று உட்காருபவரை அங்கே அனுப்பியது யார்?

தன்னாட்சிக் கல்லூரிகளுக்கான யுஜிசியின் 2018 விதிமுறைகளைப் பாருங்கள். அவற்றின்படி, தனியார் கல்லூரி என்றால் நிர்வாகத்துக்கு ஐந்து இடமும் ஆசிரியர்களுக்கு இரண்டும் இருந்தன. அந்த இருவருக்கும் சக ஆசிரியர்கள் வாக்களிக்கவில்லை. பணிமூப்பைப் பார்த்து முதல்வர் நியமித்தார். ஆய்வக உதவியாளருக்கும் துப்புரவுத் தொழிலாளருக்கும் அங்கே இடமே இருக்கவில்லை. புதிய படிப்புகளுக்கு ஒப்புதல் தந்ததும், உதவித்தொகைகளை ஏற்படுத்தியதும் இந்தக் குழுதான்.

"பணிமூப்பில் சாதி எங்கே இருக்கிறது?" என்று கேட்பார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. அன்று வாசலில் நிறுத்தப்பட்டவர் இன்று பட்டியலின் அடியில் இருக்கிறார். கௌரவ விரிவுரையாளர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

1919இல் சவுத்பரோ குழுவின் முன் அம்பேத்கர் சாட்சியம் அளித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களே தீண்டப்படாதோரின் பிரதிநிதியைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டார். பின்னர் பம்பாய் சட்டமன்றத்துக்கு அவரே நியமன உறுப்பினராகத்தான் போனார். கிடைத்த இடத்தைப் பயன்படுத்தினார். நியமனமே போதும் என்று சொல்லவில்லை.

சரி, தேர்தல் வைத்தால் தீர்ந்துவிடுமா? தீராது. ஒரே சாதியினர் பெரும்பான்மையாக உள்ள கல்லூரியில் எல்லா இடமும் அவர்களுக்கே போகும். இடஒதுக்கீடு மட்டும் இருந்தாலும் போதாது. பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட பிறகும், 2006 வரை முறையான தேர்தல் நடத்த முடியவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் ஒன்றோடொன்று சேர்ந்தே நிற்க வேண்டும். நியமனத்துக்குப் பதில் ரகசிய வாக்கெடுப்பு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடங்கள். ஆசிரியரல்லாத ஊழியருக்குத் தனி இடம். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் கௌரவ விரிவுரையாளருக்கும் வாக்குரிமை. குழுவில் பேசியதற்காகப் பழிவாங்க முடியாதபடி பணிப் பாதுகாப்பு.

"கல்லூரிக்குள் சாதி அரசியலைக் கொண்டுவராதீர்கள்" என்பார்கள். நிர்வாகத்தின் நாற்காலிகளில் யார் யார் இருக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் படிக்கிறீர்களா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கடந்த பத்து ஆண்டுகளில் ஆளுகைக் குழுவில் இருந்தவர்கள் யார், எந்த முறையில் வந்தார்கள் என்று கேளுங்கள். அந்தப் பட்டியல் கைக்கு வந்ததும் மீண்டும் கூடுவோம்.