எத்தனை சங்கு ஆச்சு?

பல்லடத்திலிருந்து பேசுகிறேன்.

இருமல் மருந்து பாட்டிலோடு ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி வரும், பார்த்திருப்பீர்கள். ஐந்து, பத்து, பதினைந்து என்று கோடு போட்டிருக்கும். 2023-இல் கோவையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, அந்த மாதிரி மூடியில் இருந்த தண்ணீரைக் குடித்து முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆனது. முந்தின வாரம்வரை கம்பெனியில் பதினோரு மணி டீக்கு இரண்டு பன்னும் ஒரு போண்டாவும் சாப்பிட்டவள் நான்.

எனக்கு நடந்தது எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை. 'ஸ்லீவ்' என்று பெயர். டாக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபது வருஷமாக ஓவர்லாக் மெஷினில் டீ-சர்ட்டுக்கு ஸ்லீவ் அட்டாச் பண்ணித்தான் சம்பாதித்தேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேலே வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக் கை மாதிரி ஒரு நீளக் குழாயாக்கி விடுகிறார்கள். நூலுக்குப் பதில் அங்கே ஸ்டேப்ளர் பின். ஒரு காலத்தில் இதைவிடப் பெரிய ஒரு அறுவைச் சிகிச்சையின் முதல் படியாகத்தான் இதைச் செய்துகொண்டிருந்தார்கள். முதல் படியிலேயே பலருக்கு எடை நன்றாகக் குறைந்துவிடவே, இதுவே தனிச் சிகிச்சையாகிவிட்டது. 'பைபாஸ்' என்ற இன்னொரு வகை இதைவிடப் பழையது. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் 1966-இல் தொடங்கி வைத்தது.

எனக்கு அப்போது 112 கிலோ. ஒன்பது வருஷச் சர்க்கரை நோய். நாற்பது நாளில் கோழிக்கு இரண்டு கிலோ ஏற்றுவதில் பேர்பெற்ற ஊர் எங்கள் ஊர். கறிக்கோழிப் பண்ணை விலை தினமும் பேப்பரில் வரும். அந்த ஊரில் எடையைக் குறைக்கிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால் நான் ஒண்டி இல்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை கூடியவர்கள் என்று வந்தது. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் அது 31. எல்லோருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. யாருக்கு வேண்டும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன நடக்கிறது, யார் பக்கத்தில் இருந்தால் தேவலை, அதைப் பற்றித்தான் என் பேச்சு.

வீட்டுக்கு வரும்போது கையில் ஒரு டயட் ஷீட் கொடுத்து அனுப்பினார்கள். முழுக்க இங்கிலீஷ். என் மகன் படித்துச் சொன்னான். முதல் வாரம் 'பிராத்'. அப்புறம் 'யோகர்ட்'. அதற்கப்புறம் 'கார்ன்ஃபிளேக்ஸ்' ஊறவைத்து. பிராத் என்றால் என்னடா என்றேன். அவனுக்கும் தெரியவில்லை. அந்த ஷீட்டை எழுதியவர் எங்கள் வீட்டு அடுப்படியைப் பார்த்தவராக இருக்க முடியாது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு அக்கா வந்தார். காரணம்பேட்டைப் பக்கம், எட்டுத் தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறவர். அதே ஆஸ்பத்திரியில் எட்டு மாசத்துக்கு முன்னால் அதே ஆபரேஷன் செய்துகொண்டவர். நர்ஸ் ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டு என் நம்பரை அவருக்குக் கொடுத்திருந்தார். வந்தவர் டயட் ஷீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தார். "பிராத்துன்னா ஒண்ணுமில்ல கண்ணு. கொள்ளு வேகவச்ச தண்ணி. பருப்புத் தண்ணி. துணியில வடிகட்டோணும், ஒரு பொட்டுச் சக்கை இருக்கக் கூடாது. யோகர்ட்டுன்னா நம்ம தயிரு, நல்லா கடைஞ்சு மோரா ஆத்திக்கோ."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். வெள்ளியில் பால் சங்கு. பச்சைக் குழந்தைக்குப் பால் புகட்டுவோமே, அதேதான். ஓரம் கொஞ்சம் நசுங்கியிருந்தது. "மூடியில குடிச்சா மடக்குன்னு போயிரும், அப்புறம் நெஞ்சுல நிக்கும். இதுல குடிச்சுப் பாரு."

குடித்துப் பார்த்தேன். சங்கின் மூக்கிலிருந்து ஒரு நூல் மாதிரித் தண்ணீர் வந்தது. அவசரப்பட்டாலும் அதற்கு மேல் வராது. ஒரு சங்குக்கு ஏறக்குறைய பதினைந்து மில்லி. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் நூறு சங்கு. அன்றிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு, தறி நிறுத்தியதும் அக்கா போன் பண்ணுவார். நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டார். எத்தனை கிலோ குறைஞ்சே என்றும் கேட்க மாட்டார். "எத்தனை சங்கு ஆச்சு?" அவ்வளவுதான். அறுபது என்றால் "பத்தாது, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குது" என்பார். வைத்துவிடுவார்.

இதைப் போய் ஊக்கம் என்று சொல்வதா என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு வந்த மற்ற ஊக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். "தைரியமா இருங்க", "எல்லாம் நல்லதுக்குத்தான்", "ஆளே பாதியாயிட்டீங்க, சூப்பர்". கேட்க நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் இறங்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது.

நாலாவது வாரம் எடை மெஷினில் முள் நின்றுவிட்டது. பத்து நாள் அசையவில்லை. இரண்டு முறை ஏலச்சீட்டு எடுத்துக் கட்டிய காசு வீணாகிவிட்டது என்று அழுதேன். "நாலாவது வாரமா? எனக்கு மூணாவது வாரத்துலயே நின்னுச்சு. மெஷினைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுப் போய்த் தூங்கு" என்றார் அக்கா. முதல் வாரங்களில் வேகமாகக் குறைவதில் நீர்ச்சத்தே பெரும்பங்கு, அது நின்றதும் கொஞ்ச நாள் முள்ளும் நிற்கும் என்று டாக்டரும் பிறகு விளக்கினார். டாக்டர் சொன்னதில் காரணம் இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் தூங்கியது அக்காவின் பேச்சைக் கேட்டுத்தான்.

முடி விஷயமும் அப்படித்தான். எடை சட்டென்று குறையும்போது மூன்றாம் நாலாம் மாசத்தில் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். அக்கா அதை ஒரு மாசம் முன்னாலேயே சொல்லிவிட்டார். "பயந்துக்கிட்டுப் பழனிக்கு மொட்டைன்னு வேண்டிக்காதே, அது தானா வந்துரும், சாமிக்கு வீண் கடனாயிரும்."

இடையில் கம்பெனியைப் பற்றி. ஒன்றரை மாசம் கழித்து வேலைக்குப் போனேன். வயிற்றில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தேன். லைனில் எல்லோரும் கர்ப்பப்பை எடுத்துவிட்டார்கள் என்று தாங்களாகவே முடிவு பண்ணிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. எடைக்காக ஆபரேஷன் என்றால், வாயைக் கட்ட முடியாதவள் காசு கொடுத்துக் குறுக்கு வழியில் போனாள் என்றுதானே பேசுவார்கள்? அந்தப் பொய்க்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று விதி. ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற கம்பெனியில் டீ டைம் பத்தே நிமிஷம். பன்னையும் டீயையும் சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டு, "உடம்பு தேற வேண்டாமா, சாப்பிடு" என்று எதிரில் நிற்பார்கள். பிரியம்தான். ஒரு நாள் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு பக்கத்து மெஷின் பெண்ணிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து என் பன்னை அவள் எடுத்துக்கொண்டாள். என் மெஷினுக்குக் கீழே வேகவைத்த முட்டை ஒன்று டப்பாவில் இருக்கும். இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தினம் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு ஆறு கிராமை அவள் பார்த்துக்கொண்டாள்.

அக்கா ஒரு தப்பும் செய்தார். அதையும் சொல்லிவிட வேண்டும். "எனக்குச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியாச்சு, நீயும் நிறுத்திக்கோ" என்றார். இரண்டு நாள் பாதி மாத்திரை போட்டேன். செக்கப்பில் டாக்டர் நன்றாகத் திட்டினார். அக்காவுக்கு நிறுத்தியது அக்காவின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து. கொள்ளுத் தண்ணி பற்றியும் முடி பற்றியும் நமக்கு முன்னால் ஆபரேஷன் செய்துகொண்டவர் சொல்வதைக் கேட்கலாம், மாத்திரை டாக்டருடையது. மெடிக்கலில் ரெண்டு செட்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடுகிற பழக்கமும் நம் ஊரில் உண்டு. பைபாஸ் செய்தவர்களுக்கு அதில் இருக்கும் வலி மாத்திரையால் உள்ளே புண் வரலாம். காய்ச்சல், படபடப்பு, விடாத வாந்தி, தோள்பட்டை வரை ஏறும் வலி, இதெல்லாம் வந்தால் கூட்டாளிக்குப் போன் பண்ணாதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2024 ஏப்ரலில், இந்தச் சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்துபோனார் என்ற செய்தி வந்தது. அந்த வாரம், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்த ஒரு தங்கச்சி கொடுவாயிலிருந்து எனக்குப் போன் பண்ணினாள். பயப்படாதே என்று நான் சொல்லவில்லை. எனக்கே பயமாக இருந்தது. டாக்டரிடம் என்னென்ன கேட்கலாம் என்று இருவரும் சேர்ந்து எழுதினோம். மயக்க மருந்து யார் கொடுப்பார், அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார்கள். அவள் தேதியை இரண்டு மாசம் தள்ளிப்போட்டாள். எனக்கு அது சரியாகவே பட்டது.

இப்போது சொல்லப்போவதுதான் சொல்லக் கஷ்டமானது. போன வருஷம் அக்காவின் போன் நின்றுவிட்டது. நான் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். தறி ஓடுகிற சத்தத்தில் பேச முடியாது. ஒரு தறியை நிறுத்திவிட்டு, ஓடி முடிந்த பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "ஏழு கிலோ ஏறிப்போச்சு கண்ணு."

கல்யாண வீட்டிலெல்லாம் அவரை நிறுத்தி வைத்து, ஆள் அடையாளமே தெரியவில்லை, எத்தனை கிலோ என்று கேட்டவர்கள்தான் அந்த ஏழு கிலோவுக்கும் சாட்சி. அவர்கள் கண்ணில் படாமல் இருக்க விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினார். எனக்குப் போன் பண்ணுவதையும் நிறுத்தினார். என்ன சாப்பிட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. சாதம் நாலு வாய்க்கு மேல் இறங்காது, முறுக்கும் மிக்சரும் எத்தனை வேண்டுமானாலும் இறங்கும். அது எனக்கும் தெரியும். "ராத்திரி தறியில முறுக்குதானே?" என்றேன். "தறிக்கட்டைக்குப் பின்னால டப்பா" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒளித்து வைத்துத் தின்றவர் அக்கா மட்டும் இல்லை. நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் ஜீன் நிடெட்ச் என்று ஒரு குடும்பத் தலைவி இருந்தார். நகரச் சுகாதாரத் துறையின் எடைக்குறைப்பு கிளினிக்குக்குப் போய்வந்தார். குளியலறையில் அழுக்குத்துணிக் கூடைக்குள் பிஸ்கட் ஒளித்து வைத்துத் தின்கிற பழக்கம் அவருக்கு. கிளினிக் அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. 1961-இல் தோழிகள் ஆறு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். அவர்களும் தங்கள் தங்கள் ஒளிப்பிடத்தைச் சொன்னார்கள். அந்தக் கூட்டம்தான் இரண்டே வருஷத்தில் 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற நிறுவனமானது. குடியை விட்டவர்கள் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் இப்படி இரண்டு பேர் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியது. அந்த இருவரில் ஒருவர் அறுவைச் சிகிச்சை டாக்டர். டாக்டருக்கே இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டியிருந்தது.

அக்கா அடுத்த வாரம் செக்கப்புக்கு வந்தார். நானும் கூடப் போனேன். நின்றுபோயிருந்த பி-12, இரும்புச்சத்து மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கினார். அவை ஆயுசுக்கும் வேண்டியவை. மூன்றாம் வருஷத்தில் எல்லோருக்கும் அலுத்துப்போகும். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கு நான்தான் போன் பண்ணுகிறேன். ஏழில் மூன்று இறங்கியிருக்கிறது என்று அவராகச் சொன்னார். நான் கேட்கவில்லை.

சங்கை மட்டும் திருப்பிக் கேட்டுவிட்டார். மகளுக்குப் பிரசவம், பேத்தி பிறந்திருக்கிறாள். புளி போட்டுத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுவாய்த் தங்கச்சிக்கு ஆபரேஷன் முடிந்தபோது கையில் சங்கு இல்லை. பல்லடம் பாத்திரக்கடையில் எவர்சில்வரில் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார்.

"பேரனுங்களா, பேத்தியுங்களா?"

"பொண்ணுங்க. முப்பத்தி நாலு வயசு" என்றேன்.