பேரனுக்கு இடம் கிடைக்கவில்லை

(சங்கக் கிளையின் மூத்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

செயலாளர் என்னை அழைத்தபோது, "ஏதாவது ஆன்மிகமாகப் பேசுங்களேன்" என்றார். எனக்கு அதில் ஞானம் போதாது. அதனால் எங்கள் வீட்டில் 2024-ல் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்காவது பேரன் பேத்திகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உபயோகப்படலாம்.

என் பெண் இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயர் என்ற இடத்தில் குடித்தனம் செய்கிறாள். அங்கே கிராமர் ஸ்கூல் என்று ஒன்று உண்டு. அரசாங்கப் பள்ளிதான், சம்பளம் கிடையாது. ஆனால் பத்து வயதில் பரீட்சை எழுதி, தகுதி பெற்றால்தான் பதினோரு வயதில் உள்ளே போகலாம். 1944-ல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுவதும் பரவலாக இருந்த முறை இது. 1965-ல் அரசாங்கம் போட்ட சுற்றறிக்கையை ஒட்டிப் பெரும்பாலான ஊர்களில் கைவிட்டுவிட்டார்கள். இன்று இங்கிலாந்தில் மிச்சம் இருப்பவை 163 பள்ளிகள். அதில் 13 பக்கிங்ஹாம்ஷயரில். 1998-ல் வந்த சட்டப்படி புதிதாகத் தொடங்கவும் முடியாது. ஆகவே போட்டியைப் பற்றிக் கேட்க வேண்டாம். நம்மவர்கள் பலர் அந்தப் பள்ளிகளுக்காகவே வீடு பார்த்துக் குடிபோகிறார்கள்.

பேரன் 2023 செப்டம்பரில் எழுதினான். குழந்தையின் வயதை மாதக் கணக்கில் பார்த்து மதிப்பெண்ணைச் சீர்செய்து கொடுக்கிறார்கள். 121 வந்தால் தகுதி. இவனுக்கு 117.

முதலில் ரிவியூ என்று ஒரு படி. குழந்தை படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியர் தரும் விவரங்களை ஒரு குழு பார்க்கும். அதிலும் இல்லை என்றார்கள். மார்ச் 1-ம் தேதி எல்லாக் குழந்தைகளுக்கும் பள்ளி ஒதுக்கீடு வரும். வந்தது, வேறு பள்ளிக்கு. அதற்குப் பிறகு மேல்முறையீடு. இந்த இடத்தில்தான் நான் பிரவேசித்தேன்.

முப்பத்து நான்கு வருஷம் ஃபைலில் நோட் எழுதியவன் அல்லவா! "நான் டிராஃப்ட் பண்ணித் தரேன், நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்று பெண்ணிடம் சொன்னேன். பேரனிடமும் ஃபோனில், "உனக்கு நிச்சயம் கிடைக்கும்டா" என்று சொல்லிவிட்டேன். ஆறு பக்கம் எழுதினேன். பரீட்சை அன்று அவனுக்கு ஜலதோஷம். என் டிராஃப்டில் அது கடுமையான காய்ச்சல் ஆயிற்று. மாப்பிள்ளை கொஞ்சம் தயங்கினார். நான்தான், "இப்படியெல்லாம் எழுதினால்தான் எடுபடும்" என்றேன்.

மே மாதம் வீடியோ மூலம் விசாரணை நடந்தது. மூன்று பேர் குழு. பள்ளிக்குச் சம்பந்தமில்லாத தன்னார்வலர்கள். கல்வித் துறை அனுபவம் உள்ளவர் ஒருவராவது, பள்ளி நிர்வாக அனுபவமே இல்லாத பொதுஜனம் ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்பது விதி. மரியாதையாகப் பேசினார்களாம், முழுவதும் கேட்டார்களாம். ஆனால் விதியை நான் சரியாகப் படிக்கவில்லை. ரிவியூ ஏற்கெனவே நடந்திருந்தால், அது நியாயமாகவும் எல்லோருக்கும் ஒரே மாதிரியாகவும் பாரபட்சமில்லாமலும் நடந்ததா என்பதைத்தான் குழு பார்க்கும். பையன் கெட்டிக்காரனா என்ற கேள்விக்கே பிறகுதான் வருவார்கள். என் ஆறு பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை! ஆபீஸில் என் கீழ் இருந்தவர் இப்படி நோட் போட்டிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த வாரமே கடிதம் வந்துவிட்டது, மறுப்பு.

ஜூன் மாதம் நானும் என் சம்சாரமும் அங்கே போனோம். அதற்குள் உறவுக்காரர்கள் ஃபோன் செய்து துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரித்து முடித்திருந்தார்கள். ஒருவர் தம் பேத்திக்கு 130-க்கு மேல் வந்ததையும் கையோடு சொல்லி வைத்தார். என் சம்சாரம் போன அன்றைக்கே, "குழந்தை முன்னால இதைப் பத்தி ஒருத்தரும் பேசப்படாது" என்று உத்தரவு போட்டாள். நான் பேசவில்லை. அவன்தான் பேசினான். அம்மாவின் லேப்டாப்பில் அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறான்.

"தாத்தா, அன்னிக்கு எனக்கு வெறும் கோல்டுதானே? ஃபீவர்னு ஏன் எழுதினேள்?"

அவனுக்கு இடம் கிடைக்காததைவிட இதுதான் மனதில் நின்றிருக்கிறது. உள்ளபடி எழுதினால் தனக்கு யோக்கியதை இல்லை என்று தாத்தாவே நினைத்துவிட்டார் என்று அவன் எடுத்துக்கொண்டான். தப்பு என்னுடையது என்று அவனிடம் சொன்னேன். கௌரவம் பார்க்காமல் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பி.யு.சி. முடித்து நான் இன்ஜினீயரிங் சீட்டுக்கு அலைந்து, கிடைக்காமல், பி.எஸ்ஸி. பௌதிகம் சேர்ந்தவன். அந்த ஆறு பக்கத்தில் எத்தனை பக்கம் பேரனுக்காக, எத்தனை பக்கம் எனக்காக என்று இப்போது யோசிக்கிறேன்.

நாலு மார்க் என்றால் என்ன என்று அவன் கேட்டான். நான் படித்த பௌதிகம் அப்போது உதவியது. ஒரு அளவு நாடாவை எடுத்துவரச் சொல்லி, சாப்பாட்டு மேஜையைப் பத்துத் தடவை அளந்து எழுதச் சொன்னேன். மேஜை அதேதான், ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் வித்தியாசம் வந்துகொண்டே இருந்தது. எந்த அளவிலும் பிழை உண்டு. அதே பையன் வேறொரு நாள் எழுதினால் 117 வேறாக இருக்கலாம். "அப்போ 121 வாங்கினவாளும் அப்படித்தானா?" என்றான். ஆமாம் என்றேன். பிறகு ஏன் கோடு போடுகிறார்கள் என்று கேட்டான். இடம் குறைவு, எங்கேயாவது போட்டுத்தான் ஆகவேண்டும் என்றேன். அவன் திருப்தி அடைந்தானா என்று தெரியவில்லை, ஆனால் மேஜையை மறுபடி அளந்தான்.

இப்படி நேர்ந்தவர்கள் கேட்டால் சொல்ல சில விவரங்கள். குழுவின் தீர்ப்பு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். முக்கியமாக நிலைமை மாறியிருந்தாலன்றி அதே வருஷம் அதே பள்ளிக்கு மறுபடி போக முடியாது. புகார் கொடுக்கலாம், ஆனால் விசாரணை நடந்த விதத்தைப் பற்றித்தான், முடிவைப் பற்றி அல்ல. அடுத்த வருஷம் பன்னிரண்டு வயதுக்கு ஒரு பரீட்சை உண்டு. தகுதி பெற்றாலும் காலி இடம் இருக்க வேண்டும். பதினாறு வயதில் சிக்ஸ்த் ஃபார்முக்கு வெளியிலிருந்தும் பல கிராமர் பள்ளிகள் எடுக்கின்றன. எல்லாவற்றையும்விட அவசரமானது, ஒதுக்கிய பள்ளியில் கிடைத்த இடத்தைக் கோபத்தில் வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பது. மாப்பிள்ளை அதை முன்பே ஒப்புக்கொண்டு வைத்திருந்தார். அந்த விவேகம் எனக்கு இருந்திருக்காது.

பக்கத்துத் தெருவில் அவனுடைய சிநேகிதனுக்கு இடம் கிடைத்திருந்தது. இவன் அவனைப் பார்ப்பதை விட்டிருந்தான். என் பெண் ஒரு சனிக்கிழமை அந்தப் பையனைத் தோசைக்குக் கூப்பிட்டாள். முதல் அரை மணி இரண்டும் பேசவில்லை. பிறகு வாசலில் கிரிக்கெட் ஆடி, பக்கத்து வீட்டுத் தோட்டத்துக்குள் பந்தை அடித்து, அதைக் கேட்டு வாங்க என்னை அனுப்பினார்கள்.

செப்டம்பரில் அவன் ஒதுக்கிய பள்ளியில் சேர்ந்தான். பன்னிரண்டு வயதுப் பரீட்சை எழுதுகிறாயா என்று என் பெண் ஒரு தடவை கேட்டாள். வேண்டாம் என்றான். என்னிடம் அபிப்பிராயம் கேட்டாள். நான் சொல்லவில்லை.

மணியைப் பார்க்கிறேன், காபி வந்துவிட்டது.