கூத்தாடவும் ஒரு பட்டமா?

(குருநகரில் பெற்றோரும் மாணவரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



"நாடகம் படித்துப் பட்டம் பெறப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னதும் வீட்டில் எழும் முதற் கேள்வியை நான் அறிவேன். "கூத்தாடவும் ஒரு பட்டமா?" என்பதே அது. கடலிலே உயிரைப் பணயம் வைத்துத் தொழில் செய்யும் தந்தையும், மீன் விற்ற காசை முடிந்துவைத்துப் பள்ளிக்கூடச் செலவு பார்க்கும் தாயும் அப்படிக் கேட்க உரிமை உடையவர்கள். அக்கேள்விக்கு விடை கூறவே வந்திருக்கிறேன்.

ஆயினும், அது குருநகரிலே எழுவதுதான் எனக்கு வியப்பு! கரையூர் என்ற பழம்பெயர் கொண்ட இவ்வூர் கூத்தறியா ஊரா? யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் கரையோர ஊர்களிலே தேவசகாயம்பிள்ளையும் ஞானசவுந்தரியும் எஸ்தாக்கியாரும் விடிய விடிய ஆடப்பட்டன. பகலிலே வலை இழுத்த கை, இரவிலே மன்னனின் வாள் பிடித்தது. அண்ணாவியார் ஒருவர் பாட்டு முழுவதையும் நெஞ்சிலே தாங்கி, ஏட்டைத் தொட்டறியாதவனுக்கும் சொல்லிக்கொடுத்து, ஆட்டம், தாளம், ஒப்பனை அனைத்தையும் தாமே பழக்கினார். அவர் நடத்தியது ஒரு பல்கலைக்கழகம் அன்றோ? பட்டம் ஒன்றுதான் அங்கே இல்லை!

இயல், இசை, நாடகம் என முத்தமிழ் பேசி மார்தட்டுகிறோம். ஆனால் கல்விக்கூடத்தின் வாசலிலே மூன்றாவது தமிழை நெடுங்காலம் நிறுத்திவைத்தோம். விபுலானந்த அடிகள் 1926-லேயே 'மதங்க சூளாமணி' எழுதி, நாடகம் ஆராயத்தக்க கல்வி என்று காட்டினார். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தார். அப்படியிருந்தும், நூல் வெளிவந்த அரைநூற்றாண்டுக்குள் ஈழத்தில் நாடகம் தமிழருக்குப் பட்டக் கல்வி ஆகவில்லை. நாம் மட்டும் பிந்திவிட்டோம் என்று வெட்கப்படவும் வேண்டா. சேக்சுபியர் பிறந்த இங்கிலாந்திலே, முதல் நாடகத்துறையைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் தொடங்கியது 1947-இலேதான்.

அண்ணாவியாரும் பேராசிரியரும்

நம் நாட்டில் வழி திறந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். படித்தவர் கூத்தை இழித்தனர். கூத்தாடியவர் படிப்பைக் கண்டு ஒதுங்கினர். இந்த வேலியை அவர் பிடுங்கினார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை அண்ணாவியாரிடம் ஆட்டம் பழகச் செய்து, 1962-இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். மன்னார்க் கூத்துக்களை அச்சேற்றினார். அவருடைய 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியரானார். பேராசிரியர் கா. சிவத்தம்பியோ பழந்தமிழர் சமூகத்து நாடகத்தை ஆராய்ந்து, 1970-இல் பர்மிங்காமில் கலாநிதிப் பட்டம் பெற்றார். இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்புச் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் 'நாடகமும் அரங்கியலும்' பட்டத்துக்குரிய பாடமாக விளங்குகின்றது.

நடிப்பு மட்டுமே அப்பாடம் என்று எண்ணற்க. எழுத்து, நெறியாள்கை, ஒளி, காட்சி, உடை, வரலாறு ஆகியவற்றோடு, ஊரைக் கூட்டி ஊரின் துயரைப் பேசவைக்கும் ஆற்றலும் அதில் அடங்கும். குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனிய'ரை 1985-இல் பல்கலைக்கழக மாணவர்கள் ஊரூராகக் கொண்டு சென்றார்களே! வாய்திறக்க அஞ்சிய காலத்தில் மக்கள் தம் கதையைத் தாமே கண்டார்கள். பிள்ளைகள் கடல் கடந்தபின் தனித்துப்போன பெற்றோரின் நிலையை 1992-இல் அவருடைய 'எந்தையும் தாயும்' காட்டியது. அந்த முதியோர் இல்லாத வீதி இன்று யாழ்ப்பாணத்தில் உண்டா?

சோறு போடுமா?

இனி, சோற்றுக் கேள்விக்கு வருவோம். பொய் சொல்லிப் பிள்ளைகளை அழைக்க நான் விரும்பவில்லை. இப்பட்டதாரிக்கு எதிரே தெரியும் முதற் தொழில் ஆசிரியத் தொழில். பாடசாலைகளிலே நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடமாகும். ஆனால் பட்டம் பெற்றவுடன் நியமனம் கதவைத் தட்டும் என்று எவரும் உறுதி கூற இயலாது. 2017-இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே நாட்கணக்காக அமர்ந்திருந்ததை நாம் மறக்கவில்லை. அவர்கள் பல துறைகளிலும் பட்டம் பெற்றவர்கள். ஆகவே அக்குறை நாடகத்துக்கு மாத்திரம் உரியதன்று. உத்தியோகம் ஒன்றுக்காகவே படிக்க நினைக்கும் பிள்ளை நாடகத்தின் பக்கம் வரவேண்டா. அக்கலையின்றி இருக்க முடியாத பிள்ளையை மட்டும் தடுக்கவேண்டா.

விவசாயி வறுமையிலும் விதைநெல்லை உண்பதில்லை. ஏன்? அதை உண்டால் அடுத்த காலபோகம் இல்லை. நம் கூத்து நம்முடைய விதைநெல். மூத்த அண்ணாவியார் ஒருவர் கண்ணை மூடும்போது, எழுதப்படாத மெட்டும் ஆட்டமும் அவரோடு மண்ணுக்குள் போகின்றன. அவற்றைக் காப்பவர் யார்? கூத்தை அறியாத படிப்பாளியால் இயலாது. எழுதிவைக்க வகையற்ற கலைஞராலும் இயலாது. இரண்டும் கற்ற நம் பிள்ளையால் மட்டுமே இயலும்.

ஆதலால் மூன்று வேண்டுகோள்கள். பல்கலைக்கழகமே, அண்ணாவியாரை விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதே. பட்டமில்லை என்று பாராமல் ஆசிரியர் ஆசனத்தில் அமர்த்து. மாணவனே, கிரேக்கத்தையும் சப்பானையும் கற்றுக்கொள். ஆனால் உன் ஊர்க் களரியில் ஒரு பாத்திரமேனும் ஏற்று ஆடாமல் பட்டத்தைத் தொடாதே. பெற்றோரே, கூத்துக் கொட்டகையிலே கைதட்டிய நீங்கள், அதே கலையைக் கற்கப் புறப்படும் மகளையும் மகனையும் வாசலிலே மறிக்காதீர்கள்!

கூத்தாடவும் ஒரு பட்டமா என்று கேட்டீர்கள். அண்ணாவியாருக்கு நாம் கொடாத மரியாதையை அவருடைய பேரப்பிள்ளைக்காவது கொடுப்போம் என்பதே என் விடை.